தோட்டாவின் விலை

சிக்கனம் நம்மவர் வாழ்வில் வெறும் நற்பண்பாக மட்டும் இருந்ததில்லை. உயிர் வாழும் வழியாகவே இருந்து வந்துள்ளது. ரப்பர்த் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே சேர்த்து வைத்த தாயும், மண்ணெண்ணெய் விளக்கின் திரியைத் தாழ்த்தி வைத்த தந்தையும் நமக்குக் கற்பித்த முதற்பாடம் அதுவே. அந்தப் பாடத்தால்தான் நம்முள் பலர் பள்ளி சென்றோம், ஆசிரியரானோம். ஆதலின் சிக்கனத்தைக் குறை கூறும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை.

எனினும், எல்லாச் சிக்கனமும் அறமாகுமா என்னும் வினா என் உள்ளத்தில் நெடுங்காலமாக நின்று வருகின்றது. குறைந்த விலைக்கு ஒரு பொருளை வாங்குகின்றோம். நம் பை கனக்கின்றது. ஆனால் நாம் கொடுக்காமல் விட்ட அந்த மீதிப் பணத்தை வேறு யாரேனும் எங்கேனும் கொடுத்துவிட்டனரா? பணமாக அன்றி, வலியாகவும் குருதியாகவும் கொடுத்தனரா? இவ்வினாவுக்கு விடை காண நான் எடுத்துக்கொள்ளும் பொருள் படிப்போர்க்குச் சற்றே வியப்பளிக்கலாம். அது துப்பாக்கித் தோட்டா. அறநெறி பேச வந்தவன் கொலைக்கருவியைக் கையில் எடுப்பானேன் என்று கேட்கலாம். கத்தியின் கூர்மையைக் கத்தியில்தானே பார்க்க வேண்டும்? அறத்தின் கூர்மையைப் பார்க்கவும் அறம் அறுபடக்கூடிய இடத்துக்கே செல்ல வேண்டியுள்ளது.

ஆற்றங்கரையில் ஒரு மாலை

மலாக்கா மாநிலத்தின் வட எல்லையில், அலோர் காஜா மாவட்டத்தில், லிங்கி ஆற்றை ஒட்டி அமைந்த சிற்றூர் லூபோக் சீனா. 'லூபோக்' என்னும் மலாய்ச் சொல் ஆற்றின் ஆழமான மடுவைக் குறிக்கும். ஆற்றின் அக்கரை நெகிரி செம்பிலான். முன்னொரு காலத்தில் சுங்கை ஊஜோங் பகுதியின் ஈயம் இந்த ஆற்றின் வழியேதான் கடலுக்குச் சென்றது. நான் சிறுவனாக இருந்த நாளில் ஊரைச் சுற்றிலும் ரப்பர் மரங்கள். மரங்களுக்கு அப்பால் சதுப்பு. சதுப்புக்கு அப்பால் ஆறு.

அவசரகாலம் என்று பெயர் பெற்ற 1948 முதல் 1960 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளின் நினைவு அப்போது மக்கள் மனத்தைவிட்டு அகலவில்லை. மலாக்காவின் சில பகுதிகள் 1953ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே, நாட்டில் முதன்முதலாக, கட்டுப்பாடுகள் நீங்கிய 'வெள்ளைப் பகுதி' என்று அறிவிக்கப்பட்டன. ஆயினும் 'தோட்டா' என்னும் சொல்லைப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தியே சொல்வர். அதற்குக் காரணம் உண்டு. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்னும் குற்றச்சாட்டின் பேரில் 1949ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் கோலாலம்பூர்ப் பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். சில தோட்டாக்களுக்கு ஒரு மனிதனின் கழுத்து விலையான காலம் அது. பின்னர் வந்த 1960ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும் துப்பாக்கிக்கு மட்டுமன்றித் தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும் என்றே விதித்தது. தோட்டா இந்நாட்டில் உப்பு, புளி போலக் கடையில் வாங்கும் சரக்காக ஒருநாளும் இருந்ததில்லை.

எங்கள் தோட்டத்தில் உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருந்தவர் ஒரு கிராணியார். ஒற்றைக் குழல் துப்பாக்கி. காட்டுப்பன்றிகள் இரவில் வந்து மரவள்ளியையும் இளங்கன்றுகளையும் கிளறிப் பாழாக்கும்போது அவரைத்தான் அழைப்பர். அவரிடம் இருவகைத் தோட்டாக்கள் இருந்தன. ஒன்று, பறவைகளுக்கும் அணில்களுக்குமான பொடி ரவை நிறைந்தது, விலை குறைவு. மற்றொன்று, பெருவிலங்குக்கான தடித்த ரவை கொண்டது, விலை மிகுதி. எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு; வாங்கும் பணமும் அவருடையதே. ஆகவே தடித்த ரவைத் தோட்டாக்களை ஒரு பிஸ்கட் டின்னில் இட்டுப் பூட்டி வைத்திருப்பார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மாலை. மரவள்ளிக் கொல்லையில் பெரிய ஆண்பன்றி ஒன்று இறங்கிவிட்டது என்று ஆள் ஓடிவந்து சொன்னான். கிராணியார் துப்பாக்கியை எடுத்தார்; கையில் அகப்பட்ட பொடி ரவைத் தோட்டாவையே இட்டார். 'கிட்டப் போய்ச் சுட்டால் இதுவே போதும். எதற்குப் பெரிய தோட்டாவை வீணாக்க வேண்டும்?' என்பது அவர் கணக்கு. வெடி ஓசை கேட்டது. பன்றி விழவில்லை. வீறிட்டுக் கொண்டு சதுப்புக்குள் புகுந்தது. அன்றிரவும் மறுநாளும் அதன் குரல் சதுப்பிலிருந்து விட்டுவிட்டுக் கேட்டுக் கொண்டிருந்தது. இரவு உணவின்போது என் பாட்டி சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "கிராணியாரு காச மிச்சம் பண்ணிட்டாரு. அந்தக் கடன அங்க ஒண்ணு படுத்துக் கெடந்து கட்டுது."

மூன்றாம் நாள் விடியற்காலை. பிரட்டு முடிந்து நெற்றி விளக்குடன் பால் வெட்டப் போன பெண் ஒருத்தி, தன் நிரையின் ஓரத்தில் கிடந்த அப்பன்றியை அறியாமல் நெருங்கிவிட்டாள். அடிபட்ட பன்றிக்கு ஓடும் வழி தெரியாது. பாயும் வழியே தெரியும். அவள் கால்வாயில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். வெட்டும் கை அது. வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது. பேர் விழாத நாளுக்குக் கூலி கிடையாது. அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

அன்று மாலை கிராணியார் லயத்துக்கு வந்தார். அதிகாரத்தில் உள்ளவர் லயத்து வாசலில் வந்து நிற்பது அந்நாளில் காணக்கிடைக்காத காட்சி. "தங்கச்சி, ரெண்டு காசு மிச்சம் பிடிக்கப் பாத்தேன். அது உன் கையில வந்து விடிஞ்சிருச்சு" என்றார். "ஐயா வேணும்னா செஞ்சீங்க, விடுங்க" என்றாள் அவள். கை கூடும் வரை அவளுடைய நாட்கூலியைத் தம் சம்பளத்திலிருந்து கொடுத்து வந்தார். அதன் பிறகு அவரிடம் ஒரு மாற்றத்தைக் கண்டோம். உரிய அனுமதியுடன், ஆளில்லாத மண்மேட்டின் முன் ஒரு பலகையை நட்டு, பொடி ரவைத் தோட்டாக்களைக் கொண்டு அதில் சுட்டுப் பழகுவார். பன்றி என்று அழைப்பு வந்தால் பிஸ்கட் டின்னைத் திறப்பார். மாலை மங்கிவிட்டாலோ, குறி தெளிவாக இல்லாவிட்டாலோ சுடாமலே திரும்பிவிடுவார். சுடாமல் திரும்பிய நாட்களில் அவரைக் கேலி செய்தோரும் உண்டு. இன்று எண்ணிப் பார்க்கும்போது, அவர் வாழ்வின் சிறந்த வேட்டைகள் அவைதாம் என்று எனக்குத் தோன்றுகின்றது.

தோட்டாவின் உறுப்புகள்

அந்தக் கிராணியார் தம் துன்பத்தால் கற்ற பாடத்தை, உலகில் துப்பாக்கி பழகுவோர் ஒரு நெறியாகவே வகுத்துள்ளனர். அதனைப் புரிந்துகொள்ளத் தோட்டாவின் உறுப்புகளைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று.

ரைபிள் தோட்டா நான்கு பகுதிகளால் ஆயது. அடியில், தட்டியவுடன் தீப்பற்றும் சிறு மூடி, நடுவே வெடிமருந்து, இவற்றைத் தாங்கும் பித்தளைக் கூடு, அதன் வாயில் செருகிய குண்டு. பறந்து சென்று தைப்பது குண்டு மட்டுமே. கூடு சுட்டவன் கையிலேயே தங்கிவிடுகின்றது. அமெரிக்கா முதலிய நாடுகளில் துப்பாக்கிப் பயிற்சியாளர் பலர், சுட்ட கூட்டைத் துடைத்து, பழைய அளவுக்குத் திருத்தி, புது மூடியும் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்துவர். கூட்டில் வெடிப்புக் காணும் வரை இவ்வாறு பலமுறை செய்யலாம். நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம். ஆதலின் இப்பழக்கத்தை நாம் செய்தியாக மட்டுமே அறிகின்றோம். ஆனால் அதில் ஓர் அறக்குறிப்பு இருக்கின்றது. கூட்டை மீண்டும் பயன்படுத்துவதால் எவ்வுயிர்க்கும் வலி மிகுவதில்லை. உழைப்பவன் தன் பொழுதையும் கவனத்தையும் கொடுத்துப் பணத்தை மிச்சப்படுத்துகின்றான். மருந்தின் அளவில் பிழை செய்தால் துப்பாக்கி வெடித்துக் காயப்படுபவன் பெரும்பாலும் அவனே. இந்தச் சிக்கனத்தின் கேடு செய்தவன் தலையிலேயே விழுகின்றது.

குண்டின் வகையோ வேறு வழக்கு. குண்டின் எடையைக் 'கிரேன்' என்னும் சிற்றளவால் அளப்பர். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரேன். நம் முன்னோர் பொன்னைக் குன்றிமணியால் நிறுத்ததுபோல, வாற்கோதுமை மணியின் எடையிலிருந்து தோன்றிய அளவு அது. குண்டின் உள்ளீடு பெரும்பாலும் ஈயம், மேலுறை செம்பு. உறை முனை முழுவதையும் மூடியிருந்தால் அது தைத்த இடத்தில் சிதையாமல் நேரே ஊடுருவிச் செல்லும். செய்வது எளிது; விலை குறைவு. முனையில் ஈயம் வெளியே தெரியுமாறும், அல்லது முனை குழிந்திருக்குமாறும் செய்யப்பட்ட குண்டு உடலில் தைத்தவுடன் காளான்போல விரியும். செய்வது அரிது, விலை மிகுதி.

இவற்றுள் எதனைத் தேர்வது? தாளில் வரைந்த வட்டத்தைச் சுட்டுப் பழகுவோர்க்கு விலை குறைந்த குண்டே தக்கது. தாளுக்கு வலியில்லை. துளை சிறிதாயினும் பெரிதாயினும் அது குறையும் அன்று. ஆயின் விலங்கின்மீது அந்த மலிவான குண்டைச் சுட்டால், அது ஊசிபோல் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறிவிடக்கூடும். விலங்கு உடனே விழாது. பல மணி நேரம் ஓடி, புதரில் மறைந்து, யாரும் காணாத இடத்தில் மெல்ல மெல்லச் சாகும். விரியும் குண்டோ தன் ஆற்றலை உடலுக்குள்ளேயே செலுத்துவதால், உரிய இடத்தில் தைத்தால் விலங்கை விரைவில் வீழ்த்தும். இதனால்தான் பிரிட்டனின் 1991ஆம் ஆண்டு மான்கள் சட்டம், மானை ரைபிளால் சுடுவோர் முனை மென்மையான அல்லது முனை குழிந்த குண்டையே பயன்படுத்த வேண்டும் என்று விதித்துள்ளது. விலையைப் பார்த்துக் குண்டைத் தேரும் உரிமையை, உயிர் முன்னிற்கும் இடத்தில் அச்சட்டம் பறித்துவிட்டது.

பயிற்சிக்கும் வேட்டைக்கும் இடையே உள்ள உறவையும் இங்கே குறிப்பிட வேண்டும். மலிவான குண்டு அறத்துக்குப் பகையன்று; உரிய இடத்தில் அது அறத்தின் துணையே ஆகும். நூறு முறை தாளில் சுட்டுப் பழகாத கை, உயிரின்மீது தவறும். அந்த நூறு முறையை எல்லார்க்கும் எட்டும்படி செய்வது மலிவான குண்டே. ஆதலின் தேர்ந்தோர், பயிற்சிக்கு வாங்கும் குண்டின் எடை வேட்டைக் குண்டின் எடையை ஒத்திருக்குமாறு பார்த்துக்கொள்வர். அப்படியிருந்தும், வேட்டைக்குப் புறப்படுமுன் அந்த விலை மிகுந்த குண்டுகளிலேயே சிலவற்றைத் தாளில் சுட்டு, குறி பிறழவில்லை என்று உறுதி செய்துகொள்வர். பயிற்சியில் சிக்கனம், உயிரின் முன் சிக்கனமின்மை. இந்நெறியைத்தான் எங்கள் கிராணியார் ஒரு பலகையையும் ஒரு பிஸ்கட் டின்னையும் கொண்டு கண்டறிந்தார்.

தம்தம் தந்த பாடம்

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. 'விரியும் குண்டு நல்லது' என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிட முடியாது. அதே குண்டு மற்றோர் இடத்தில் கொடுமையின் வடிவாகக் கருதப்பட்டது.

கல்கத்தாவுக்கு அருகில் உள்ள தம்தம் என்னும் இடத்தில் ஆங்கிலேய அரசின் படைக்கலத் தொழிற்சாலை இருந்தது. 1895இல் நடந்த சித்ரால் போரில், தங்கள் ரைபிள் குண்டுகள் எதிரியின் உடலை ஊடுருவிச் சென்றும் அவன் விழாமல் முன்னேறி வருகின்றான் என்று ஆங்கிலேயப் படையினர் குறை கூறினர். அதன் பின்னர்த் தம்தம் தொழிற்சாலையில் பெர்ட்டி கிளே என்னும் படைத்தலைவர், முனையில் ஈயம் வெளித்தெரியும் விரிகுண்டை உருவாக்கினார். 'தம்தம் குண்டு' என்னும் பெயர் உலகெங்கும் பரவியது. அது விளைத்த புண்ணின் கொடுமை கண்டு, 1899இல் ஹேக் நகரில் கூடிய அனைத்துலக மாநாடு, நாடுகளுக்கிடையிலான போரில் விரிகுண்டைப் பயன்படுத்தலாகாது என்று சாற்றியது.

மாணவர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரே வகைக் குண்டு. மானுக்கு அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது ஒரு சட்டம். மனிதனுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது என்கிறது மற்றொன்று. இவை ஒன்றுக்கொன்று முரணானவையா? மேலோட்டமாகப் பார்த்தால் முரண். உள்ளே நுழைந்து பார்த்தால் ஒரே அறம். போரில் ஒருவனைச் சுடுவது அவனைப் போரிடாமல் நிறுத்துவதற்கே. நின்றபின் அவன் மருத்துவரிடம் சென்று பிழைக்க வேண்டும். ஆதலின் தேவைக்கு மிஞ்சிய புண் கொடுமை. வேட்டையில் விலங்குக்கு மருத்துவர் இல்லை. காயத்தோடு தப்புவது அதற்குப் பிழைப்பன்று, நெடிய சாவு. ஆதலின் விரைந்த முடிவே இரக்கம். 'தேவைக்கு மேல் ஓர் அணுவளவும் துன்பம் கூடாது' என்னும் ஒரே விதி, இரண்டு இடங்களில் இரண்டு கட்டளைகளாக வெளிப்படுகின்றது. அறம் பொருளில் இல்லை. அப்பொருள் யாருக்கு என்ன செய்கின்றது என்பதில் இருக்கின்றது.

நம் பழந்தமிழ் இலக்கியத்திலும் இவ்வகையில் சிந்திக்கத்தக்க காட்சி ஒன்று உண்டு. கொல்லி மலைக்கு உரியவனான வல்வில் ஓரியின் வில்லாற்றலைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். அவன் எய்த அம்பு ஒன்றே யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவிச் சென்றதாம். ஓர் அம்பில் ஐந்து உயிர்! சிக்கனத்தின் உச்சம் என்று சொல்லத் தோன்றும். புலவர் பாடியது வீரத்தை. அப்புகழில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இன்றைய அறநோக்கோடு காண்போர்க்கு மற்றொரு நினைவும் எழும். குறி வைத்ததையும் கடந்து செல்லும் எந்தப் படைக்கலமும், பின்னால் என்ன இருக்கின்றது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டியவன் எய்பவனே. துப்பாக்கி பழகுவோர்க்குக் கற்பிக்கப்படும் முதல் விதிகளுள் ஒன்று, குறியை மட்டுமன்றிக் குறிக்கு அப்பால் உள்ளதையும் அறிந்தபின்னரே சுடு என்பது. வாழ்க்கையில் நாம் செய்யும் செயல்கள் பலவற்றுக்கும் அவ்விதி பொருந்தும்.

இரண்டு மறுப்புகள்

இதுவரை கூறியவற்றை ஏற்காதோர் இருவகையாக மறுக்கக்கூடும்.

முதல் மறுப்பு, கொல்லாமை நெறியில் நிற்போருடையது. 'கொலையே பாவம், அதில் நல்ல குண்டு, தீய குண்டு என்று பிரிப்பது வீண். திருவள்ளுவர் புலான்மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தாரே, குண்டைத் தேர்ந்தெடுக்கவா கற்பித்தார்?' என்பர். இம்மறுப்பின் உயர்வை நான் வணங்குகின்றேன். கொல்லாமையே தலையாய அறம், அதில் ஐயமில்லை. ஆனால் அறத்துக்குப் படிகள் உண்டு. மேற்படியில் நிற்காதவன் கீழ்ப்படியையும் இழந்துவிட வேண்டும் என்பதில்லை. லயத்து மக்களின் கொல்லைப் பயிரைக் காக்கவோ, உணவுக்காகவோ விலங்கைக் கொல்லும் ஒருவன், 'எப்படியும் பாவிதானே' என்று எண்ணிக் கொடுமையையும் சேர்த்துச் செய்தால், உலகில் துன்பம் மிகுமேயன்றிக் குறையாது. கொல்லாமை மலையின் உச்சி. துன்புறுத்தாமல் கொல்லுதல் அம்மலையின் அடிவாரத்துப் பாதை. பாதையில் முதலடி வைத்தவன் ஒருநாள் மேலே ஏறவும் கூடும். எங்கள் கிராணியார் முதுமையில் துப்பாக்கியையே ஒப்படைத்துவிட்டார். சுடாமல் திரும்பிய நாட்கள் பெருகிப் பெருகி, அவரை அங்கே கொண்டு சேர்த்தன போலும்.

இரண்டாம் மறுப்பு, ஏழையின் சார்பானது. 'விலை மிகுந்த குண்டை வாங்க முடிந்தவனுக்குத்தான் அறம் என்றால், அது பணக்காரனின் அறம் ஆகிவிடாதா? கொல்லை அழிந்தால் பட்டினி கிடப்பவன் என்ன செய்வான்?' என்று கேட்பர். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. வறுமை வலிந்து தேர்ந்தெடுக்கச் செய்யும் வழிகளை வயிறு நிறைந்தவன் பழிப்பது அறமாகாது.

ஆயினும் உண்மையைக் காண்போம். மிக மலிவான வேட்டைக் கருவி தோட்டா அன்று, கம்பிக் கண்ணி. ஒரு முழக் கம்பி போதும். ஆனால் கண்ணிக்குக் கண் இல்லை. பன்றிக்கு வைத்ததில் நாயும் மானும் வேங்கையும் சிக்கும். சிக்கியது நாட்கணக்கில் கிடந்து சாகும். 2016 முதல் 2020 வரை நடைபெற்ற நாடளாவிய கணக்கெடுப்பு, மலேசியக் காடுகளில் எஞ்சியுள்ள மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று காட்டியது. நாட்டின் சின்னத்தில் இடம்பெற்ற விலங்கு அது. அதன் அழிவுக்குக் காரணமானவற்றுள் மலிவான இந்தக் கம்பிக் கண்ணியும் முதன்மையான ஒன்று. கம்பி வாங்கியவன் சில காசுகளே கொடுத்தான். மீதியை நாடே கொடுத்துக்கொண்டிருக்கின்றது.

ஏழைக்கு அறம் விலையேறியதாகத் தோன்றினால், அதன் விலையைப் பலர் பகிர்ந்துகொள்வதே வழி. பத்துக் குடும்பத்தின் கொல்லையைக் காக்கும் தோட்டாவை ஒரு கிராணியாரின் சட்டைப்பை மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? அன்று தோட்டத்து மக்கள் ஆளுக்குச் சிறிது கொடுத்திருந்தால், அவர் அந்த மாலையில் கணக்குப் பார்த்திருக்க மாட்டார். தனியொருவனின் சிக்கனத்தைப் பழிக்கும் நாம், அவனைத் தனியே விட்ட நம் சிக்கனத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

யார் தலையில் விழுகின்றது?

இப்போது நாம் தொடங்கிய வினாவுக்கு வருவோம். எல்லாச் சிக்கனமும் அறமாகுமா? இதற்கு ஓர் உரைகல் கிடைத்துவிட்டது. நான் மிச்சப்படுத்தியதன் சுமை என் தலையில் விழுகின்றதா, பிறர் தலையில் விழுகின்றதா? திரியைத் தாழ்த்திய தந்தை தம் கண்ணை வருத்திக்கொண்டார். பிடியரிசி சேர்த்த தாய் தம் வயிற்றைச் சுருக்கிக்கொண்டார். கூட்டை மீண்டும் நிரப்புபவன் தன் பொழுதைக் கொடுக்கின்றான். இவை அறம் சார்ந்த சிக்கனங்கள். உயிரின்மீது பொடி ரவையைச் சுட்டவர் கொடுத்தது தம்முடையதை அன்று; பன்றியின் வலியையும், ஒரு பெண்ணின் மணிக்கட்டையும் எடுத்துக் கொடுத்தார். அது சிக்கனம் என்னும் பெயர் பூண்ட கடன். கேட்காமல் பிறரிடம் வாங்கிய கடன்.

புறாவின் எடைக்கு ஈடாகத் தன் தசையையே அரிந்து வைத்த சிபியின் கதையை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். அக்கதையின் நடுவே ஒரு தராசு நிற்பதை எண்ணிப் பாருங்கள். பருந்தின் பசிக்கும் புறாவின் உயிருக்கும் இடையே விலை ஒன்று கொடுக்கப்பட்டே ஆக வேண்டும். அதனை அம்மன்னன் வேறு எவரிடமும் வாங்கவில்லை. அரசன் நினைத்தால் அவ்விலையைக் குடிகளுள் ஒருவன்மீது ஏற்றியிருக்கலாம். ஏற்றாமல் தன்மீது ஏற்றுக்கொண்டதே அவன் பெருமை.

இவ்வுரைகல் இன்றும் தேய்ந்துவிடவில்லை. ஈயக் குண்டு மலிவானது. ஆனால் அதன் சிதறல்கள் வேட்டையாடி விட்டுச்சென்ற இறைச்சியில் தங்கி, அதனைத் தின்னும் பறவைகளை நஞ்சாகிக் கொல்கின்றன. கலிபோர்னியாவின் கண்டோர் என்னும் பெருங்கழுகு 1987இல் உலகம் முழுவதிலும் 27 மட்டுமே எஞ்சியிருந்தது. அரிதில் காத்துப் பெருக்கிய அப்பறவைகளையும் ஈய நஞ்சு தொடர்ந்து கொன்றது. அதனால் அம்மாநிலம் 2013இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே முற்றிலும் தடை செய்தது. வேட்டைக்காரர் அதிக விலை கொடுத்துச் செம்புக் குண்டு வாங்க வேண்டியதாயிற்று. பலர் முணுமுணுத்தனர். ஆனால் அவர்கள் அதுவரை கொடுக்காத பணத்தைக் கழுகுகள் கொடுத்து வந்தன என்பதே உண்மை.

தோட்டாவோடு இது முடிவதில்லை. துப்பாக்கியைக் கண்ணாலும் காணாத நாமும் நாள்தோறும் குண்டுகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கின்றோம். மலிவாக ஒரு சட்டை வாங்குகின்றோம்; தைத்தவளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதில்லை. மலிவாக ஒரு வேலையாளை அமர்த்துகின்றோம். அவன் எங்கே உறங்குகின்றான் என்று பார்ப்பதில்லை. தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டியர் பெற்ற கூலியும் யாரோ ஒருவர்க்கு மலிவாக இருந்தது. அந்த மலிவின் மீதியைத் தங்கள் முதுகாலும் முழங்காலும் கொடுத்தவர்கள் அவர்கள். கொடுத்தவர்களின் வழிவந்த நாம், இன்று வாங்குமிடத்தில் நிற்கும்போது அதனை மறந்துவிடலாமா?

ஆசிரியர்க்கும் இதில் பாடம் உண்டு. மாணவன்மீது வீசும் ஒரு கடுஞ்சொல் மிக மலிவானது. பொறுமையாக விளக்கும் பொழுது விலை மிகுந்தது. கடுஞ்சொல்லால் நாம் மிச்சப்படுத்தும் ஐந்து நிமிடத்தின் விலையை, அப்பிள்ளை ஆண்டுக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும். அடிபட்டவன் சதுப்புக்குள் ஓடிவிடுகின்றான், அவன் குரல் நமக்குக் கேட்பதில்லை, அவ்வளவே.

லூபோக் சீனாவைச் சுற்றி நான் கண்ட ரப்பர் மரங்கள் பலவும் இன்று இல்லை. அவ்விடங்களில் செம்பனையும் வீடுகளும் எழுந்துள்ளன. லயத்து மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். காட்டுப்பன்றியை வேட்டையாட இந்நாளில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் பெற வேண்டும். என் பாட்டியும் இல்லை, கிராணியாரும் இல்லை. ஆனால் கடையில் நின்று, இரண்டு பொருள்களின் விலைச்சீட்டைப் பார்த்து, மலிவானதை எடுக்கக் கை நீளும் ஒவ்வொரு முறையும், சதுப்பிலிருந்து அந்தக் குரல் எனக்குக் கேட்கின்றது. சில வேளைகளில் அது ஒன்றும் இல்லாத அச்சமே. மலிவான பொருளை நிம்மதியாக எடுத்துக்கொள்கின்றேன். சில வேளைகளில் கையை இழுத்துக்கொள்கின்றேன். இவ்விரண்டுக்கும் இடையே வேறுபாடு காணக் கற்பதே கல்வியின் பயன் என்று நான் நம்புகின்றேன்.

பலகையில் சுடும்போது சிக்கனமாக இருப்போம். உயிரின் முன் நிற்கும்போது பிஸ்கட் டின்னைத் திறப்போம். திறக்க இயலாத நாளில், சுடாமல் திரும்பி வருவோம்.